இடது ஓரத்துப் பன்னிரண்டு பேர்

வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். வாயைத் திறக்க மாட்டாள், ஆனால் கண்ணில் படுவது ஒன்றையும் விடமாட்டாள். நாளாக நாளாக ஊமை உதிர்ந்துபோய்க் கோட்டான் மட்டும் நின்றது. அக்காள் அப்படித்தான் கூப்பிட்டாள், அக்காள் புருஷனும் அப்படித்தான். சட்டைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரத்தில் அந்தப் பெயர் எப்படியோ அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது. அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. மண்டையில் ஏறாமல் இல்லை. எழுதுவது இடது கையால் என்பதுதான் சங்கடம். ஒருநாள் வாத்தியார் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டு மற்றக் கையால் பலகையில் எழுதச் சொன்னார். எழுதினாள். எழுத்தெல்லாம் கொடியில் காயும் துணிபோல ஆளுக்கொரு பக்கம் ஆடியது. வகுப்பே சிரித்தது. மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. வீட்டில் கெஞ்சிப் பார்த்தார்கள், அடித்துப் பார்த்தார்கள், கடைசியில் அவர்களே ஓய்ந்துபோனார்கள். அவள் வாழ்க்கையின் முதல் ‘மாட்டேன்’ அது. அதைக்கூட அவள் வாயால் சொல்லவில்லை.

பதினாலு வயதில் அக்காள் வீட்டுக்கு வந்தாள். கீழே அத்தானின் போட்டோ ஸ்டூடியோ, மாடியில் குடித்தனம். பிலிம் காலம் அது. பின்கட்டில் ஒரு டார்க்ரூம் இருந்தது. சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் தட்டுகளைக் கழுவுவது, மருந்து கலக்குவது, ஈரப் படங்களைக் கிளிப்பில் மாட்டுவது எல்லாம் அவள் தலையில் விழுந்தது. அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. இருட்டில் யாரும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், அவளும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். பத்து வருடம் அந்த அறையில் நின்றாள். எந்தப் படம் எத்தனை விநாடியில் தெளியும் என்று வாய்க்குள் எண்ணியே சொல்லிவிடுவாள். ஆனால் முன்பக்கத்தில் இருந்த கேமராக்களை மட்டும் தொட விட்டதில்லை. ஒருமுறை ஆசையாக ஒன்றைத் தூக்கியபோது, பட்டன் இருந்த பக்கம் ஒன்று, அவள் கை போன பக்கம் ஒன்றாகி, கேமரா நழுவப் பார்த்தது. “நொட்டாங்கைய வெச்சுக்கிட்டு உனக்கு எதுக்கு இதெல்லாம்?” என்று அத்தான் வாங்கி வைத்துவிட்டார்.

பிறகு டிஜிட்டல் வந்தது. டார்க்ரூமில் பின்திரைகளும் பிளாஸ்டிக் பூந்தொட்டிகளும் குடியேறின. அவள் சட்டைக் கம்பெனிக்குப் போனாள்.

அங்கே கிடைத்த வேலை அவளுக்கென்றே செய்துவைத்தது மாதிரி இருந்தது. தைத்து முடித்த சட்டைகள் மேசைக்கு வரும். காலர் கோணலா, தையல் விட்டிருக்கிறதா, பட்டன் ஓட்டை தவறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறை கண்ட இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம், அம்பு சொல்லிவிடும். பதின்மூன்று வருடமாக அவள் அம்பு ஒட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஒட்டிய அம்பு தப்பு என்று யாரும் இதுவரை திருப்பி அனுப்பியதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டூடியோவைப் பெருக்கித் துடைப்பதும் அவள்தான். வாசல் பக்கக் கண்ணாடி ஷோகேஸில், பழுப்புத் தோல் பைக்குள் ஒரு பழைய கேமரா இருந்தது. ஜெர்மனியில் செய்தது, உள்ளே ஒரு கண்ணாடியை வைத்து லென்ஸ் பார்ப்பதையே நமக்கும் காட்டுகிற எஸ்.எல்.ஆர். வகை. முன்னால் ஓர் அட்டை, அத்தானின் கையெழுத்தில்: ‘ஜெர்மன் கேமரா. காட்சிக்கு மட்டும். இயங்காது.’ வருகிறவர்களிடம் அது தன் தாத்தா வைத்திருந்தது என்று அத்தான் அளப்பார். மூடிப்போன வேறொரு ஸ்டூடியோவில் பழைய பீரோ வாங்கியபோது அடித்தட்டில் கிடந்தது என்பது அவளுக்கும் அக்காளுக்கும் தெரியும். தாத்தாவுக்கு ஸ்டூடியோவே கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, தூசி தட்டுவதற்காகப் பையிலிருந்து அதை வெளியே எடுத்தாள். நல்ல கனம். இரும்புப் பெட்டி சாவிக்கொத்தோடு கையில் வந்த மாதிரி. எடுத்த உடனேயே அவளுக்கு ஏதோ வித்தியாசமாகப் பட்டது. என்னவென்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. இடது கை உறுத்தவில்லை. ஆள்காட்டி விரல் தானாகப் போய் நின்ற இடத்தில் பட்டன் இருந்தது. கட்டைவிரலுக்கு நேர் மேலே பிலிம் நகர்த்தும் கைப்பிடி. மற்றக் கேமராக்களில் வலப்பக்கம் இருப்பதெல்லாம் இதில் இடப்பக்கம் இருந்தது. யாரோ முன்பின் தெரியாத ஒருவர், அவளை நினைத்துக்கொண்டு செய்த மாதிரி இருந்தது.

அத்தான் அதைச் செத்துவிட்டது என்று சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான். மேல்மூடியைத் திறந்து பார்த்தால் ஒரே இருட்டு. “கண்ணு அவிஞ்சுபோச்சு” என்பார். அவளும் பார்த்தாள், இருட்டுத்தான். கைப்பிடியைத் தள்ளினாள். பாதி தூரத்தில் கொஞ்சம் இறுகியது. அங்கேதான் எல்லாரும் பயந்து விட்டிருப்பார்கள். அவள் விடவில்லை. ஒரே வீச்சில், கிட்டத்தட்ட முழு வட்டத்துக்கு, அது நிற்கிற இடம்வரை சுற்றினாள். உள்ளே ‘களுக்’ என்றது. குனிந்து பார்த்தால் கண்ணாடித் தட்டில் வாசல், தெரு, எதிர்க்கடையின் நீலக் கதவு எல்லாம் ஈரம் காயாத படம்போல மினுங்கின. பட்டனை அமுக்கினாள். ‘டப்’ என்றது, மறுபடி இருட்டு. மறுபடி முழுக்கச் சுற்றினாள், மறுபடி வெளிச்சம். அதன் சுபாவமே அதுதான். ஒரு படம் எடுத்தால் கண்ணை மூடிக்கொள்ளும், முழுக்கச் சுற்றினால்தான் திறக்கும். அரைகுறையாகச் சுற்றுகிறவனுக்கு அது எதையும் காட்டுவதில்லை.

இன்னொன்றும் இருந்தது. அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து பார்க்க வேண்டும். பொம்பளைப் பிள்ளை தலையைக் குனிந்து நட என்று அவளுக்குச் சொல்லாதவர்கள் கிடையாது. அவளும் வாழ்நாள் முழுக்கக் குனிந்துதான் நடந்தாள். இப்போது குனிந்தால் எதிரே நிற்கிற ஆள் முழுசாகத் தெரிந்தார், இடம் வலமாக மாறி. அதுவும் அவளுக்குச் சிரமமாக இல்லை. பிறந்ததிலிருந்து உலகம் அவளுக்கு அப்படித்தான் திருப்பிப் போட்டே கிடைத்திருக்கிறது.

அட்டையை அவள் எடுக்கவில்லை. தோல் பையை அப்படியே மூடி ஷோகேஸில் வைத்தாள். கேமரா அவளுடைய சாப்பாட்டுப் பைக்குள் போயிற்று. வெறும் பை கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து இரண்டு வருடம் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஜெர்மன் கேமராவாகக் காட்சி கொடுத்தது.

முதல் பிலிம் பாழானது. அடியில் ஒரு சின்னக் குமிழ் இருந்தது. திருகினால் கழன்று கீழே இறங்கி வந்தது. பிலிமைத் தளர்த்துவதற்கு என்று நினைத்து இழுத்தாள். உள்ளே மெல்லிசாகச் ‘சரக்’ என்றது. பிறகு இருட்டில் திறந்து தடவிப் பார்த்தால் பிலிம் இரண்டு துண்டாக இருந்தது, கத்தரிக்கோல் போட்டது மாதிரி நேர்வெட்டு. உட்கார்ந்து யோசித்தாள். கேமராவுக்குள் எதற்குக் கத்தி வைக்கிறான்? நாலு நாள் சட்டை பார்த்துக்கொண்டே யோசித்து, ஐந்தாம் நாள் பிடித்துவிட்டாள். பிலிம் முழுக்கத் தீரும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதற்காக. எடுத்தவரைக்கும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். எடுத்த பிலிம் போய்ச் சுற்றுகிற பக்கத்தில் வெறும் உருளைக்குப் பதில் இன்னொரு காலி பிலிம் டப்பியைப் போட்டுவிட்டால், எடுத்ததெல்லாம் அதற்குள் பத்திரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். வெட்டியபின் பட்டப்பகலில் திறந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பழைய டார்க்ரூம் மூட்டையில் காலி டப்பிகள் ஏராளமாகக் கிடந்தன.

அதன்பிறகு ஞாயிறுகளில் அவள் கடைத்தெருவுக்குப் போய்வர நேரமாகத் தொடங்கியது. இஸ்திரிக்காரர், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், கதவுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். குனிந்துகொண்டு பையைத் துழாவுகிற பெண்ணை யாரும் பொருட்படுத்தவில்லை. பிலிமை வீட்டிலேயே கழுவினாள். அத்தான் கண்ணில் படாமல் படமாகப் போட வழி இல்லை, நெகட்டிவை ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பெட்டியில் வைத்துவிடுவாள். ஒருநாள் கொடியில் காலுறைகளோடு பிலிம் சுருள் தொங்குவதை அக்காள் பார்த்துவிட்டாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு, தான் பார்த்ததாக யாரிடமும் சொல்லிவிடாதே என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்படியே போயிருக்கும். கம்பெனியின் இருபத்தைந்தாவது வருடம் வந்து கெடுத்தது.

அலுவலகப் படிக்கட்டில் மொத்த ஆட்களையும் நிற்க வைத்துப் படம் எடுக்க அத்தானைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். செக்கிங் செக்‌ஷன் பன்னிரண்டு பெண்களும் படத்தின் இடது ஓரத்தில் நின்றார்கள். வெள்ளை டவுசர் போட்ட சுவருக்குப் பக்கத்தில் என்று பிசிறு அக்கா கிண்டலடித்தாள், சுவரில் கீழ்ப்பாதி மட்டும் வெள்ளையடித்திருந்ததால். பிசிறு அக்கா என்பது, சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளை வெட்டுகிற மூத்த பெண்மணி. இருபது வருடமாக அதே மேசை, அதே சின்னக் கத்தரி. கோட்டானுக்குப் பக்கத்து மேசை. கோட்டானுக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

பத்து நாளில் படம் பெரிய பிரேமில் அலுவலக வாசலில் வந்து தொங்கியது. முதலாளி இருந்தார், மேனேஜர் இருந்தார், லாரி டிரைவர் இருந்தார், இடையில் எப்படியோ புகுந்த ஒரு நாயும் இருந்தது. இடது ஓரத்தில் பன்னிரண்டு பேர் இல்லை. கடைசியாகத் தெரிந்தது அவர்களில் யாருடையதோ ஒரு தோள், அதுவும் பாதி. பிரேமை முன்கூட்டியே வாங்கிவிட்டார்களாம். படம் நீளமாகிவிட்டதாம். அத்தான் ஓரத்தை வெட்டிக் கொடுத்துவிட்டார்.

பெண்கள் வரிசையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பிசிறு அக்காதான் மேசைக்குத் திரும்பிக் கத்தரியை எடுத்தபடி சொன்னாள்: “இருபது வருசம் பிசிறு வெட்டினேன். கடைசில என்னையே பிசிறுன்னு வெட்டிட்டாங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். கோட்டான் சிரிக்கவில்லை. பிசிறு அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது என்று கம்பெனி கணக்குத் தீர்த்து அனுப்பப்போகிறது, அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமையோடு சரி. அப்புறம் அந்தக் கட்டடத்தில் அவள் இருந்ததற்கு ஒரு தடயமும் இருக்காது. நாய்க்கு இருக்கும்.

வீட்டுக்கு வந்து அத்தானிடம் முழுப் படமும் இருக்கிறதா என்று கேட்டாள். அவள் கேள்வி கேட்பதே அபூர்வம் என்பதால் அவர் நிமிர்ந்து பார்த்தார். கம்ப்யூட்டரில் அப்போதே அழித்துவிட்டதாகச் சொன்னார். “ஓரத்துல நின்னா வெட்டுப்படத்தான் செய்யும். அடுத்த தடவ நடுவுல நில்லு.”

மறுநாள் காலையில் அலுவலக வாசல் படத்தின் இடது விளிம்பில், கண்ணாடிமேல், ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. சூப்பர்வைசர் சுரண்டி எடுத்தார். அதற்கு மறுநாளும் இருந்தது. மறுபடி சுரண்டினார். யார் வேலை என்று செக்‌ஷன் முழுக்கத் தெரியும், கேட்டால் ஒருத்திக்கும் தெரியாது. ஒரு வாரம் சுரண்டிவிட்டு அவரும் விட்டுவிட்டார்.

கடைசி வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், சூப்பர்வைசர் கேன்டீனுக்குப் போனதும், கோட்டான் எழுந்து நின்றாள். சாப்பாட்டுப் பையைத் திறந்து கேமராவை எடுத்தாள். பன்னிரண்டு பேரும் அதே படிக்கட்டில், அதே வெள்ளை டவுசர் சுவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றாள். ஒரே மூச்சில் அவள் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. அந்த அதிர்ச்சியிலேயே எல்லாரும் எழுந்து போனார்கள்.

ஸ்டூலின் மேல் அட்டைப் பெட்டிகளை அடுக்கிக் கேமராவை வைத்தாள். குனிந்து பார்த்தாள். இடது வலதாக, வலது இடதாக, எல்லாரும் கண்ணாடித் தட்டில் நின்றார்கள். ஒரு படம் எடுத்தாள்.

“நீயும் வா. நீயில்லாம நாங்க பதினோரு பேருதான்” என்றாள் பிசிறு அக்கா.

அதற்கும் அந்தக் கேமராவில் வழி இருந்தது. வலப்பக்கத்துக் குமிழைக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோலச் சுற்றிவிட்டுப் பட்டனை அமுக்கினால், பத்துப் பன்னிரண்டு விநாடி முனகிவிட்டுத் தானாக அடிக்கும். அமுக்கிவிட்டு ஓடினாள். முதல் தடவை செருப்புத் தடுக்கி நடுவழியில் நின்றபோதே அடித்துவிட்டது. இரண்டாம் தடவை ஓடி வந்து பிசிறு அக்காவின் பக்கத்தில் நின்றாள். ‘டப்’.

அந்தச் சத்தத்தோடு இடைவேளை முடிந்த மணியும் அடித்தது. சாயங்காலம் பிசிறு அக்கா தன் கத்தரியைக் கோட்டான் மேசையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

கோட்டான் வீட்டுக்கு வந்தபோது ஸ்டூடியோ வாசலில் ஒரு கார் நின்றது. உள்ளே டியூப் லைட் எல்லாம் எரிந்தது. அத்தான், அக்காள், கூடவே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர். பழைய கேமராக்களைச் சேகரிக்கிறவராம், ஷோகேஸ் கேமராவை விலைக்குக் கேட்டு வந்திருந்தார். வீட்டில் இருநூறு கேமரா கண்ணாடி அலமாரிகளில் வைத்திருக்கிறாராம், ஒன்றில்கூட இதுவரை பிலிம் போட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் மேசைமேல் தோல் பை திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அத்தான் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அக்காள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

அவளுடைய பையின் கனத்தை அத்தான் பார்த்துவிட்டார். “எடு” என்றார்.

எடுத்தாள். ஆனால் கொடுக்கவில்லை. உள்ளே படம் இருக்கிறது என்றாள்.

“படமாவது கிடமாவது. இப்பவே திறந்து எறியிறேன் பாரு.”

ஒரு நிமிடம் என்று கையைக் காட்டினாள். லென்ஸை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கைப்பிடியை முழுக்கச் சுற்றிச் சுற்றி இரண்டு முறை வெறுமனே பட்டனை அமுக்கினாள். அடியில் இருந்த குமிழைத் திருகி இழுத்தாள். சரக். குமிழை ஏற்றிவிட்டு மறுபடி இரண்டு சுற்று. வெட்டின நுனி டப்பிக்குள் போய்விட்டதை விரலில் உணர்ந்தாள். பிறகு கேமராவை மேசையில் வைத்தாள்.

அத்தான் பின்கதவைப் பிடுங்குவதுபோல் திறந்தார். டியூப் லைட்டின் அடியில் பிடித்து, அவள் முகத்தைப் பார்த்து, “போச்சா?” என்றார்.

அவள் கையை நீட்டி, கேமராவுக்குள்ளிருந்து சின்ன டப்பியை எடுத்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள். “இது போகல.”

முப்பது வருடம் போட்டோ எடுத்தவருக்கு அது ஒன்றும் புரியவில்லை. புரியாததைக் காட்டிக்கொள்ளாமல், கேமராவைப் படாரென்று மூடிச் சேகரிப்பவரிடம் கொடுத்தார். அவர் மேல்மூடியைத் திறந்து பார்த்தார், ஆகா என்றார், பட்டனை அமுக்கினார். டப். இருட்டு. கைப்பிடியைத் தள்ளினார். பாதியில் இறுகியது, விட்டுவிட்டார். மறுபடி பார்த்தார், இருட்டு. அத்தான் வாங்கித் தள்ளினார், அவரும் பாதியில் நிறுத்தினார். இருட்டு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் சற்று முன்னால் செய்ததை இருவரும் நேருக்கு நேர் பார்த்திருந்தார்கள், ஆனால் பார்க்கவில்லை.

“ஓடாது சார். நான் மறைக்கல, அட்டைலயே எழுதி வெச்சிருக்கேன்” என்றார் அத்தான், நாணயஸ்தராக.

அப்போது அவள் கேமராவை எடுத்தாள். இடது கையில் ஏந்தி, கட்டைவிரலால் ஒரே வீச்சில் கடைசிவரை சுற்றினாள். களுக். திறந்த மேல்மூடிக்குள் டியூப் லைட் நீளமாக மினுங்கியது. அத்தானின் கண்ணாடி போட்ட முகமும் அதில் தெரிந்தது, இடம் வலமாக மாறி.

“ஓடாதது உங்களுது. ஓடறது என்னுது” என்றாள்.

அக்காள் சுவரிலிருந்து விலகி நின்றாள். சேகரிப்பவர்தான் முதலில் சமாளித்துக்கொண்டார். இது ஓடுகிறது என்றால் இன்னும் விசேஷம், ஆனால் இனிமேல் தயவுசெய்து இதில் பிலிம் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்றார். “ஒவ்வொரு தடவ அமுக்கும்போதும் இதோட ஆயுசு குறையுதும்மா.”

“எனக்கும்தான் குறையுது. அதுக்காக என்னைக் கண்ணாடிக்குள்ள வெச்சிருவீங்களா?”

அத்தான் குரலை உயர்த்தினார். யார் வீட்டில் நின்றுகொண்டு யாரிடம் பேசுகிறாய், ஆறாம் கிளாஸ் தாண்டாத உனக்கு இத்தனை வாய் எங்கிருந்து வந்தது என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் அக்காள் ஷோகேஸுக்குள் கையை விட்டு அந்த அட்டையை எடுத்து வந்தாள். வெறும் தோல் பையின் மேல் வைத்தாள்.

“இயங்காதுன்னு நீங்கதானேங்க எழுதினீங்க. இயங்காதது இந்தா இருக்கு. இதைக் குடுங்க.”

சொல்லிவிட்டுப் பையைச் சேகரிப்பவர் பக்கமாகத் தள்ளினாள்.

சேகரிப்பவர் பையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். தையலைப் பார்த்தார், பித்தளைப் பொத்தானைப் பார்த்தார். இது கேமராவோடு வந்த அசல் பைதானே என்று கேட்டார். ஆமாம் என்றாள் கோட்டான். அவரிடம் இதே மாதிரி கேமரா ஒன்று ஏற்கெனவே இருக்கிறதாம், அதற்குப் பைதான் இல்லையாம். கடைசியில் அவர் பையை வாங்கிக்கொண்டு போனார். அட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். கார் புறப்பட்ட பிறகும் அத்தான் காலி ஷோகேஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவளோடு அவர் பேச ஒரு மாதம் ஆயிற்று. அவளுக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

சனிக்கிழமை டார்க்ரூமுக்குப் பூட்டு விழுந்தது. விழட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை காலை குளியலறை ஜன்னலைப் போர்வையால் அடைத்தாள். படம் பெரிதாக்கும் பழைய எந்திரம் பரணில் கிடந்தது. அக்காளும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கி, குப்புறக் கவிழ்த்த துணி வாளியின்மேல் பலகை போட்டு வைத்தார்கள். கதவுக்கு வெளியே அக்காள் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பத்து மணிக்குத் துண்டும் தோளுமாக அத்தான் வந்தார். இன்றைக்கு யாரும் குளிக்க முடியாது என்று அக்காள் சொல்லிவிட்டாள். பதினொன்றுக்கும் வந்தார். பன்னிரண்டுக்கு வந்து, உள்ளேயிருந்து வந்த மருந்து வாசனையை ஒரு நிமிடம் நின்று முகர்ந்துவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே கோட்டான் இஞ்ச் டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்தாள். வாசல் படத்தில் ஒரு தலை எவ்வளவு உயரம், ஒரு படி எவ்வளவு உயரம் என்று கம்பெனியில் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தாள். மூன்று தாள் வீணானது. நாலாவது தாள் மருந்துத் தட்டில் மெல்லக் கறுத்தது. முதலில் சுவரின் மேல்பாதி கறுத்து, கீழே வெள்ளை டவுசர் தெரிந்தது, பிறகு படிகள், பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பிசிறு அக்கா வாயைத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கோட்டான் நேராக நின்றாள், நேராகப் பார்த்தாள். இடது கை மட்டும் ஓடிவந்த வேகத்தில் இன்னும் நிற்காமல், புகைபோல மங்கியிருந்தது.

திங்கட்கிழமை யாரும் வருவதற்கு முன்னால் கம்பெனிக்குப் போனாள். பெரிய படத்தின் இடது பக்கத்தில், சிவப்பு அம்பு காட்டிய இடத்தில், ஆணி அடித்துத் தன் படத்தை மாட்டினாள். படிக்கட்டும் படிக்கட்டும் சேர்ந்தன. அந்தப் பாதித் தோளுக்கு மீதித் தோள் கிடைத்தது. கூடுதலாகப் போட்டிருந்த இரண்டு பிரதிகளில் ஒன்று ஏற்கெனவே பிசிறு அக்காவின் முகவரி எழுதிய உறைக்குள் இருந்தது.

ஒன்பது மணிக்குச் சூப்பர்வைசர் செக்கிங் செக்‌ஷனுக்கு வந்தார். யாரைக் கேட்டு மாட்டினீர்கள் என்று கேட்டார். பதினோரு மேசைகளிலும் சட்டைகள் புரண்டுகொண்டிருந்தன. பிசிறு அக்காவின் மேசை காலியாக இருந்தது.

“நான்தான் சார் மாட்டினேன்” என்றாள் கோட்டான். சட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. “எங்களை வெட்டினப்போ நீங்க யாரைக் கேட்டீங்க?”

பதின்மூன்று வருடத்தில் அவர் அவள் குரலை அன்றைக்குத்தான் கேட்டார். திரும்பிப் போய், அலுவலக வாசலில் நின்று நெடுநேரம் பார்த்தார். மேனேஜரும் வந்து பார்த்தார். லாரி டிரைவர் வந்து, நாயைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனார். அரை மணி கழித்துச் சூப்பர்வைசர் கதவருகே வந்து, உள்ளே வராமலே சொன்னார்.

“மாட்டினது மாட்டினீங்க, கொஞ்சம் கோணலா இருக்கு. நேராக்கிட்டு வந்திருங்க.”

கோட்டான் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போனாள். தரையிலிருந்து தன் படத்தை அளந்தாள், இரண்டு முனையும் ஒன்றுபோல இருந்தன. பெரிய படத்தை அளந்தாள். அதுதான் ஒரு விரல் சாய்ந்திருந்தது, மாட்டிய நாளிலிருந்தே. அதைப் பிடித்துத் தன் படத்துக்குச் சமமாகத் திருப்பினாள். பிறகு கண்ணாடியில் மிச்சமிருந்த சிவப்பு அம்பை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு மேசைக்குத் திரும்பினாள். சட்டைகள் வந்து குவிந்திருந்தன.